இலக்கிய மாணாக்கரும் பரிசிலும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், கல்வி நிதி விதிகளைத் திருத்தும் தீர்மானம் எடுத்துக்கொள்ளப்படுமுன் நிகழ்த்திய சொற்பொழிவு)



அமெரிக்க நாட்டுச் சர்வகலாசாலை ஒன்றின் ஆங்கிலத் துறையிலே பட்ட மேற்படிப்பும் ஆராய்ச்சியும் செய்யும் மாணாக்கர்க்கு வழங்கப்பெறும் பரிசுகளையும் உபகாரச் சம்பளங்களையும் பற்றி இன்று யாம் பேசப் புகுந்துள்ளோம். நிகழ்ச்சி நிரலிற் பொருளைக் கண்ட நண்பரொருவர் எம்மை வாயிலிலேயே நிறுத்தி, "தமிழ்ப் பண்டிதர்க்கு ஆங்கிலத் துறையில் என்ன வழக்கு?" என்று வினவினார். வினா தக்கதே. அதற்குரிய விடையை இப்போதே கூறின், நீங்கள் இடையிலுள்ளவற்றைச் செவிமடுக்கமாட்டீர்கள் என்று அஞ்சுகின்றோம். ஆதலின் அதனைச் சிறிது பின்னுக்குத் தள்ளுகின்றோம்.

பரிசில் என்பது தமிழர்க்குப் புதிய சொல்லன்று. பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையால் வாடி எதிர்ப்படும் மற்றொரு பாணனைக் கண்டு, "இன்ன வழியிற் செல்க, இன்ன வள்ளலைக் காண்க" என்று ஆற்றுப்படுத்துவதையே ஒரு பிரபந்த வகையாக நம் முன்னோர் வகுத்தனர். பத்துப்பாட்டிற் செம்பாதி ஆற்றுப்படை நூல்கள். தனக்குக் கிடைத்த வழியைப் பிறனுக்கு மறையாது சொல்லுதலை இலக்கியமாகவே போற்றிய நாடு இது. அப் பரிசில் வாழ்க்கையின் இடர்களையும் புறநானூறு மறைத்திலது. கொடுப்பதாகச் சொல்லிக் காலம் நீட்டிக்கும் வள்ளலை நெருக்குதற்கென்றே பரிசில் கடாநிலை என ஒரு துறை உண்டு. பெருஞ்சித்திரனார் என்னும் புலவர், அதியமான் தம்மை நேரிற் காணாது கொடுத்தனுப்பிய பரிசிலை ஏலாது மறுத்த செய்தியும் அந்நூலில் உளது. அவர் வறியர், பொருள் வேண்டியே சென்றவர். எனினும், தம் கல்வியை அளந்தறியாமல் நீட்டப்பட்ட பொருள் அவர்க்கு வேண்டுவதாயில்லை. இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னர் வேண்டியிருக்கும்.

இனி அயல்நாட்டுக்குச் செல்வோம். மிச்சிகன் சர்வகலாசாலை 1817-ஆம் ஆண்டில் தோன்றியது. 1837 முதல் ஆன் ஆர்பர் என்னும் ஊரில் நடைபெற்று வருகின்றது. அங்கே கொடுத்தவர்களின் வரலாறும் பெற்றவர்களின் வரலாறும் தெளிவாகக் கிடைத்தலின் அதனையே எடுத்துக்கொண்டோம்.

அந்நாட்டின் பெரிய சர்வகலாசாலைகளில் ஆங்கில இலக்கியத்தில் டாக்டர் பட்டத்திற்கு ஆராய்ச்சி செய்ய ஒருவரைச் சேர்த்துக்கொள்வார்களாயின், பெரும்பாலும் அவரிடம் கல்விக் கட்டணம் பெறுவதில்லை. அவர் உண்டு உடுத்து உறைவதற்கு ஒரு தொகையும் ஆண்டுதோறும் அளிப்பர். மருத்துவக் காப்பீடும் உண்டு. பிள்ளையை அமெரிக்காவிற்கு அனுப்புவதென்றால் நிலத்தை விற்கவேண்டும் என்று நம்மவர் எண்ணுவது, தொழிற்கல்வியையும் முதுகலைப் பட்டங்களையும் மனத்திற்கொண்டு எண்ணுவதாம். டாக்டர் பட்டத்து ஆராய்ச்சி மாணாக்கர் நிலை வேறு. இவ்வேறுபாட்டை அறியாமையால் விளைந்த தீங்கு ஒன்றையும் பின்னர்ச் சொல்வோம்.

ஆயினும் அத்தொகை இலவசமாக வருவதன்று. மாணாக்கர் கீழ்வகுப்புப் பிள்ளைகட்குப் பாடம் நடத்தவேண்டும். ஆங்கிலத் துறையில் அப்பாடம் பெரும்பாலும் முதலாண்டு மாணவர்க்குக் கட்டுரை எழுதக் கற்பித்தலேயாம். வாரத்திற்கு இருபது மணி நேரத்திற்கு மேற்படாது என்று ஒப்பந்தத்திற் கணக்கிட்டிருப்பினும், கட்டுரைப் புத்தகம் திருத்துதல் இன்னதென்பதை இருபதாண்டாக அத்தொழில் செய்யும் யாம் அறிவோம். இருபத்தைந்தாவது நோட்டின் பிழைகளைச் சிவப்பு மையாற் சுழித்து மூடி வைத்தபின், ஒருவன் தன் நூலைத் திறந்து புதுக் கருத்தொன்றைச் சிந்திக்கத் தொடங்குதல் எளிதன்று. மனம் பிழை தேடும் கருவியாய்ப் போய்விடுகிறது. ஆதலின் ஆங்கிலத் துறையில் ஃபெலோஷிப் என்னும் உபகாரச் சம்பளத்திற்கு மதிப்பு மிகுதி. அது கிடைத்த ஆண்டில் மாணாக்கர் வகுப்பு எடுக்க வேண்டுவதில்லை. நோட்டுத் திருத்த வேண்டுவதில்லை. தொகை ஏறத்தாழ முன்போன்றதே. அதிகமாகக் கிடைப்பது காலமே. நூல்நிலையத்திற் காலையிற் புகுந்து மாலையில் வெளிவரும் உரிமையை அது வாங்கித் தருகின்றது.

அச்சர்வகலாசாலையில் மேற்படிப்புக்கெல்லாம் தாயகமாயிருப்பது ராக்கம் என்பார் பெயரால் விளங்கும் பட்ட மேற்படிப்புக் கல்லூரி. ஹோரஸ் ராக்கம் ஒரு வக்கீல். 1903-இல் ஹென்றி ஃபோர்டின் மோட்டார்க் கம்பெனியைப் பதிவு செய்தற்கான பத்திரங்களை எழுதியவர் அவரே. தாமும் 5,000 டாலருக்குப் பங்கு வாங்கினார். 1919-இல் அப்பங்குகளை விற்றபோது அவர்க்குக் கிடைத்தது 1 கோடியே 25 இலட்சம் டாலர். 1933-இல் அவர் காலமானபின், அவர் வைத்துச் சென்ற நிதியிலிருந்து பெருந்தொகை சர்வகலாசாலைக்கு வந்தது; அவர் பெயரால் எழுந்த மாளிகை 1938-இல் திறக்கப்பெற்றது. மோட்டார் வண்டியில் ஈட்டிய பொருள் அது. ஆயினும், ஆராய்ச்சியின் இறுதி நிலையில் நிற்கும் மாணாக்கர்க்கு அளிக்கப்பெறும் ராக்கம் உபகாரச் சம்பளம் எந்திர நூல் கற்போர்க்கு மட்டும் உரியதன்று. வேதிநூல் கற்பவரும், பழைய ஆங்கிலக் காவியம் ஆராய்பவரும் ஒரே வரிசையில் நின்று அதற்குப் போட்டியிடுகின்றனர். துறையார் தம் மாணாக்கரை முன்மொழிவர். அப்போட்டியில், தாம் செய்யும் ஆராய்ச்சி யாது, அது ஏன் வேண்டும் என்பதைத் தம் துறையல்லாத அறிஞர்க்கும் விளங்குமாறு மாணாக்கர் எழுதிக் காட்டவேண்டும். இஃது ஒரு நல்ல பயிற்சி. நம் தமிழ் ஆராய்ச்சி மாணாக்கர் பலர் தம் நூலின் பயனை ஒரு மளிகைக் கடைக்காரர்க்கு ஐந்து நிமிடத்தில் விளக்கும் ஆற்றலின்றி யிருத்தலை யாம் கண்டு வருந்தியதுண்டு.

இன்னும் சிறு சிறு உதவிகள் பல உள. தொலைவிலுள்ள நூல்நிலையத்திற் கையெழுத்துப் படிகளைக் காணச் செல்வதற்குப் பிரயாணச் செலவு, வகுப்பிற்கு எழுதிய சிறந்த கட்டுரைக்குப் பரிசு, நன்கு கற்பித்தமைக்குப் பரிசு என வரும் அவற்றை விரிப்பிற் பெருகும். இலக்கியப் படைப்புப் பயிலும் பட்டதாரி மாணாக்கர்க்கென ஹெலன் செல் என்னும் அம்மையாரின் குடும்ப அறநிலையம் 2013-இல் 5 கோடி டாலர் வழங்கியது என்பதை மட்டும் கூறி மேற்செல்வோம். இரண்டாண்டுப் படிப்பு முடிந்தபின், எழுதுவதற்கென்றே மேலும் ஓராண்டு அவர்கட்கு உதவி கிடைக்கின்றது.

யாம் நின்று நிதானித்துப் பேச விரும்புவது ஹாப்வுட் பரிசு என்பதைப் பற்றியேயாம்.

ஏவரி ஹாப்வுட் 1905-இல் மிச்சிகனிற் பட்டம் பெற்று வெளியேறியவர். நியூயார்க் சென்று நாடகம் எழுதினார். படுக்கை அறைக் கதவுகள் திறப்பதும் மூடுவதுமாய், கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் ஏமாற்றுவதுமாய் வரும் நகைச்சுவை நாடகங்கள் அவை. கற்றோர் அவற்றைப் பெரிதும் மதித்திலர், கூட்டமோ அலைமோதிற்று. 1920-ஆம் ஆண்டில் அவருடைய நாடகங்கள் நான்கு ஒரே காலத்தில் அந்நகரின் அரங்குகளில் நடந்தன. பெரும்பொருள் சேர்ந்தது, மனநிறைவு சேர்ந்திலது. உயரிய நாவல் ஒன்று எழுதவேண்டும் என்பது அவருடைய வேட்கை. எழுதியும் வைத்தார். அஃது அவர் வாழ்நாளில் வெளிவரவில்லை, 2011-இல்தான் அச்சேறியது. 1928-இல் பிரான்சு நாட்டுக் கடற்கரையொன்றில் நீரில் இறங்கியவர் உயிர் துறந்தார். அவருக்கு வயது 46.

அவருடைய உயிலில், தம் சொத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாம் கற்ற சர்வகலாசாலைக்கு எழுதி வைத்திருந்தார். மாணாக்கர் எழுதும் நாடகம், கதை, கவிதை, கட்டுரை ஆகியவற்றிற்கு ஆண்டுதோறும் பரிசு அளிக்கவேண்டும் என்பது ஏற்பாடு. வியக்கத்தக்கது யாதெனில், புதியதும், வழக்கத்திற்கு மாறானதும், மரபை எதிர்ப்பதும் ஆகிய எழுத்தையே சிறப்பாக ஊக்கவேண்டும் என்னும் கருத்தை அவர் அவ்வுயிலிற் பொறித்திருந்தமையாம். தாம் கூட்டத்தின் விருப்பத்திற்கு எழுதிப் பொருளீட்டியவர். தம் பொருளைப் பெறுவோர் அவ்வாறு எழுத வேண்டாம் என்று நினைத்தார் போலும்! பரிசு 1931 முதல் வழங்கப்பெற்று வருகின்றது. அவர் அன்னையார் ஜூல் ஹாப்வுட் அம்மையார் பெயரும் அதனொடு சேர்ந்து வழங்குகின்றது.

போட்டியின் முறை நோக்கத்தக்கது. மாணாக்கர் தம் பெயரை எழுதுவதில்லை. புனைபெயரிட்டே கையெழுத்துப் படியை ஒப்படைக்கின்றனர். இறுதியில் அதனைப் படித்துத் தீர்ப்பளிப்போர் சர்வகலாசாலைக்குப் புறம்பான எழுத்தாளர்கள். எழுதியவர் ஆணோ பெண்ணோ, எந்த ஊரினர், எவர் மகன் என்பதொன்றும் அவர்க்குத் தெரியாது. பெருஞ்சித்திரனார் வேண்டியது இதுவே அன்றோ? கல்வியைக் கண்டு கொடுத்தல். இங்கே முகத்தை மறைத்து வைத்தே கல்வியைக் காண்கின்றனர்.

அங்ஙனம் கண்டதனால் வெளிப்பட்டவர் இருவரைக் கூறுவோம். முதல்வர் ஆர்தர் மில்லர். அவர் அப்போது பட்ட மேற்படிப்பு மாணாக்கர் அல்லர், கீழ்வகுப்பில் இருந்தவர், எனினும் இப்பரிசின் பயன் விளங்குதற்பொருட்டுச் சொல்கின்றோம். தந்தையின் வாணிகம் பொருளாதார வீழ்ச்சியில் நொடித்தது. மகன் மோட்டார் உதிரிப் பொருட் கிடங்கில் வேலை செய்து பணம் சேர்த்து 1934-இல் மிச்சிகன் வந்து சேர்ந்தார். ஆய்வுக்கூடத்தில் எலிகட்குத் தீனியிடும் வேலைக்கு மாதம் 15 டாலர். உணவுக்குப் பாத்திரம் துலக்குதல். பரிசு உண்டு என்று கேள்வியுற்றே, 1936-இல் வசந்த விடுமுறையின் சில நாட்களில் தம் முதல் நாடகத்தை எழுதி முடித்தார். 250 டாலர் கிடைத்தது. அடுத்த ஆண்டும் பெற்றார். பிற்காலத்தில் 'விற்பனையாளனின் மரணம்' எழுதி உலகப் புகழ் பெற்ற மில்லர் அவரே. எலிக்குத் தீனியிட்டுப் பெறும் ஊதியத்திற் பதினாறு மாதத்திற்கு மேற்பட்ட தொகை, எழுதியதற்காக ஒரே நாளிற் கிடைத்ததெனின், அவ்விளைஞரின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்!

இரண்டாமவர் ராபர்ட் ஹேடன். டெட்ராயிட் நகரின் கறுப்பினத்தார் குடியிருப்பில் 1913-இற் பிறந்தவர். பெற்றோர் பிரிந்தமையின் அயலார் எடுத்து வளர்த்தனர். கண்பார்வை மிகக் குன்றியவர். புத்தகத்தை முகத்தோடு அணைத்தே படிக்கவேண்டும். விளையாட முடியாத பிள்ளை படிக்கத் தொடங்கினான் என்று சொல்வது மிகையாகாது. 1938-இல் ஹாப்வுட் பரிசு பெற்றார். பின்னர் 1941-இல் ஆங்கிலத் துறையிற் பட்ட மேற்படிப்பிற்குச் சேர்ந்தார். அவ்வாண்டில் ஆங்கிலக் கவிஞர் ஆடன் அங்கே ஆசிரியராயிருந்தார். ஹேடன் அவரிடம் பாடம் கேட்டார். 1942-இல் மீண்டும் ஹாப்வுட் பரிசு அவரை அடைந்தது. கறுப்பினத்தவர்க்கு உணவு விடுதியிலும் உறைவிடத்திலும் கதவடைத்த காலம் அது. அவர் புனைபெயரிட்ட படியில் நிறம் எழுதியிருக்கவில்லை. 1944-இல் முதுகலைப் பட்டம் பெற்றார். நாஷ்வில் நகரத்து ஃபிஸ்க் சர்வகலாசாலையில் 1946 முதல் 23 ஆண்டுகள் ஆசிரியராய் உழைத்தார். அங்கே பாடச்சுமை மிகுதியாதலின் கவிதைக்கு எஞ்சிய காலம் குறைவே. 1969-இல் மிச்சிகனுக்கே பேராசிரியராகத் திரும்பினார். 1976-இல் அமெரிக்கப் பாராளுமன்ற நூல்நிலையத்தின் கவிதை ஆலோசகராக அமர்த்தப்பெற்றார்; அப்பதவி பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவர். 1980-இல் மறைந்தார்.

இங்கே ஒரு செய்தி. கொடைக்கு எல்லையிடுதல் தவறன்று. ஹாப்வுட் பரிசு மிச்சிகன் மாணாக்கர்க்கே உரியது. அதே சர்வகலாசாலையில் லீவை பார்பர் என்னும் வள்ளல் 1917-இல் நிறுவிய உபகாரச் சம்பளம் ஆசியப் பெண்கட்கு மட்டுமே உரியது. தலைச்சேரியிற் பிறந்து, சென்னையிற் கற்று, சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஜானகி அம்மாள் அவ்வுதவியைக் கொண்டே மிச்சிகன் சென்று, 1931-இல் டாக்டர் பட்டம் பெற்று மீண்டு, கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்திற் பணிபுரிந்தார். அவர் துறை தாவரநூல், இலக்கியமன்று. ஆயினும் எல்லைகட்டிய கொடையும் நற்பயன் தரும் என்பதற்கு அவர் சான்று. நம் சங்கமும் ஓர் எல்லையுள் நின்றே கொடுக்கின்றது. எல்லைக்குட்பட்டவரை எவ்வாறு தேர்கின்றோம் என்பதே எம் வினா.

அந்நாட்டில் எல்லாம் பாலும் தேனுமாய் ஓடுகின்றது என்று எண்ணிவிட வேண்டாம். பாடம் நடத்தும் பட்டதாரி மாணாக்கர் அங்கே ஒரு தொழிற்சங்கமே வைத்திருக்கின்றனர். 1975-இல் ஒருமுறை வேலைநிறுத்தம் செய்தனர். 2023 மார்ச் 29-ஆம் நாள் தொடங்கிய நிறுத்தம் ஆகஸ்டு மாதம் வரை தீர்ந்திலது. வீட்டு வாடகை கொடுத்தபின் ஊதியத்தில் மிஞ்சுவது போதாது என்பதே முறையீடு. டாக்டர் பட்டம் பெற்றோர்க்கெல்லாம் ஆசிரியப் பதவி கிடைத்துவிடுவதுமில்லை. ஆங்கிலத் துறையில் அப்பதவிகள் அரிதாகி வருகின்றன. இதனைச் செல்ல விரும்பும் பிள்ளைகட்கு முன்னரே சொல்லிவிடுதல் நம் கடமை.

நம் நாட்டிலும் வழியில்லாமற் போகவில்லை. சர்வகலாசாலை மானியக் குழுவின் நெட் தேர்வில் ஆங்கிலமும் ஒரு பாடம். தமிழும் ஒரு பாடம். அதில் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆராய்ச்சி உதவிக்குத் தேறினோர்க்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயும், இரண்டாண்டு கழிந்தபின் 42,000 ரூபாயும் என உயர்த்தப்பெற்றது. நம் மாணவர் மன்றத்தில் எத்தனை பேர் இதனை அறிவீர்கள் என்று சென்ற திங்கள் கேட்டோம். கை தூக்கியவர் இருவர்.

இப்போது வாயிலில் நின்ற நண்பர்க்கு விடை கூறுவோம்.

மூன்றாண்டுகட்குமுன், நம் மரபைச் சேர்ந்த பெண்ணொருத்தி நமது கல்வி நிதிக்கு விண்ணப்பித்தாள். பெயர் வேண்டாம். தந்தை சிறு மளிகைக் கடை வைத்திருப்பவர். ஆங்கிலத்தில் முதுகலை முடித்தவள். அமெரிக்க நாட்டுச் சர்வகலாசாலையொன்றில் டாக்டர் பட்டத்திற்கு இடம் கிடைத்திருந்தது, கட்டணம் இல்லை, ஆண்டுதோறும் உதவித் தொகையும் உண்டு. விசாக் கட்டணம், விமானச் சீட்டு, போய்ச் சேர்ந்து முதல் தொகை கைக்கு வரும் வரையிலான வீட்டு வாடகை ஆகியவற்றிற்கே அவள் கேட்டாள். இரண்டு இலட்ச ரூபாய், அதுவும் கடனாக. அவ்வுறுதி கிடைத்தால் அனுப்புவேன் என்பது தந்தையின் பேச்சு.

பிப்ரவரி மாதத்தில் விண்ணப்பம் வந்தது. பங்குனி உத்திரம் கழியட்டும் என்றோம். பின்னர் ஆண்டுக் கணக்கு முடித்து ஆடிட்டர் கையெழுத்திடட்டும் என்றோம். குழு கூடியது மே மாதம் இரண்டாம் வாரம். உதவித் தொகையோடு இடம் பெற்ற மாணாக்கர் தம் இசைவை ஏப்ரல் 15-க்குள் தெரிவிக்கவேண்டும் என்பது அந்நாட்டுச் சர்வகலாசாலைகள் பல சேர்ந்து வகுத்துக்கொண்ட ஏற்பாடு. அவள் விண்ணப்பத்தில் அந்நாள் சிவப்பு மையால் எழுதப்பட்டிருந்தது. நாம் கூடியபோது அந்நாள் கழிந்து ஒரு திங்கள் ஆகியிருந்தது. புறநானூற்றுப் புலவர் கடாநிலை பாடினர். அவள் ஒன்றும் பாடவில்லை.

கூடியபின்னரும் நாம் என்ன செய்தோம்? "வெளிநாடு செல்ல இரண்டு இலட்சம் எப்படிப் போதும்? பின்னால் ஐம்பது இலட்சம் கேட்பாள்" என்றார் ஒருவர். "இலக்கியம் படித்து என்ன உத்தியோகம்?" என்றார் மற்றொருவர். "கடைக்காரர் கடனை எப்படித் திருப்புவார்?" என்றார் இன்னொருவர். கட்டணமில்லை என்னும் கடிதம் விண்ணப்பத்தோடே இணைக்கப்பட்டிருந்தது, ஒருவரும் புரட்டவில்லை. அதன்கீழ் அவள் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை இருபது பக்கம் இருந்தது, அதனையும் புரட்டவில்லை. நாம் பார்த்தது படிவத்தின் முதற் பக்கம்: தந்தை பெயர், ஊர், கிளை, தொழில், சந்தா நிலுவை. அக்குழுவில் யாமும் ஓர் உறுப்பினர். ஒரு சொல்லும் மறுத்துச் சொல்லாது இருந்தோம். பயனுள்ள வேறு துறையைத் தேர்ந்துகொண்டால் உதவி பரிசீலிக்கப்படும் என்று விடை எழுதுவதெனத் தீர்மானமாயிற்று. சங்கத்தின் கடிதங்களைப் பிழையின்றி எழுதுபவர் என்பதனால், அதனை எழுதும் வேலையும் எம்மிடமே வந்தது. பிழையின்றித்தான் எழுதினோம்.

சென்ற ஆண்டு அலுவலகத்தை வெள்ளையடிப்பதற்காகக் கோப்புகளை இடம் மாற்றியபோது அக்கட்டுரை எம் கையில் அகப்பட்டது. எம் ஆங்கிலம் அதற்குப் போதாது. பள்ளியில் எம்மொடு பணிபுரியும் ஆங்கில ஆசிரியரை உடன் வைத்துக்கொண்டு மூன்று மாலைகளிற் படித்தோம். தாமஸ் ஹார்டி 1895-இல் வெளியிட்ட 'ஜூட்' என்னும் நாவலைப் பற்றியது அது. சிற்றூரிற் கல்தச்சு வேலை செய்யும் இளைஞனொருவன் தானே இலத்தீனும் கிரேக்கமும் கற்று, சர்வகலாசாலை நகரத்திற்கு வந்து, கல்லூரித் தலைவர்கட்குக் கடிதம் எழுதுகின்றான். ஒருவரிடமிருந்தே விடை வருகின்றது. அவ்விடை, உன் தொழிலோடு இருப்பதே உனக்கு நன்று என்பது. அக்கடிதத்தின் மொழிநடையை அவள் வரி வரியாய் ஆராய்ந்திருந்தாள். அதன் பணிவு, நல்லெண்ணம், பிழையில்லாத சொற்கட்டு ஆகியவையே அதனைக் கொடிதாக்குகின்றன என்பது அவள் முடிபு. ஆங்கில ஆசிரியர் அவ்விடத்தை மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டே போனார். எம் முகத்தை அவர் நோக்கவில்லை.

ஆதலின் தமிழ்ப் பண்டிதர்க்கு ஆங்கிலத் துறையில் வழக்கு உண்டு ஐயா.

இன்றைய தீர்மானத்தின் சாரம் இது. கல்வி நிதி எத்துறைக்கும் உரியதாகுக. ஆங்கிலமும் தமிழும் வரலாறும் உட்பட. விண்ணப்பித்தவர் நம் மரபினரா என்பதைச் செயலாளர் ஒருவரே பார்த்து ஓர் எண் இடுவார். குழுவினர்க்கு அவ்வெண்ணும் விண்ணப்பதாரரின் எழுத்தும் மட்டுமே வரும். தந்தை பெயரும் கிளையும் வாரா. அத்துறை அறிந்த வெளியார் ஒருவர் எழுத்தைப் படித்துக் கருத்துரைப்பார். ஆண்டுதோறும் மார்ச் 31-க்குள் விடை சொல்லப்படும். ஆடிட்டர் கணக்கு அதற்குத் தடையாகாது. இவை நான்கிற்கும் குழுவிற் பெரும்பாலோர் இசைந்துள்ளனர்.

ஐந்தாவதாக யாம் ஒன்றைச் சேர்த்துள்ளோம். அதற்கு எதிர்ப்பு உண்டென அறிவோம். நம் சங்கம் நடத்தும் பள்ளியிற் கற்கும் பிள்ளைகளிடையே ஆண்டுதோறும் ஒரு கட்டுரைப் போட்டி, பிறப்பு எதுவாயினும் பள்ளிப் பிள்ளைகள் எவரும் எழுதலாம், புனைபெயரிட்டே எழுதவேண்டும். பரிசு வேற்றுக் குலத்துப் பிள்ளைக்குப் போய்விடுமே என்று பெரியவர் ஒருவர் எம்மிடம் கவன்றார். போகலாம். அப்பிள்ளையும் நம் பள்ளிச் சீருடைதான் அணிந்திருக்கும். அப்பள்ளியில் நாம் சேர்த்துக்கொண்ட பிள்ளைக்கு அப்பள்ளியின் பரிசில் இல்லை என்றல் எமக்கு வழக்காகத் தோன்றவில்லை. உங்களுக்கு வேறு தோன்றின் இங்கேயே சொல்லுங்கள், வெளித்திண்ணையிற் சொல்லவேண்டாம்.

இது தை மாதம். அப்பெண் இப்போது தனியார் பள்ளியொன்றில் ஆசிரியை. சென்ற மார்கழியில் மீண்டும் மூன்று சர்வகலாசாலைகட்கு விண்ணப்பித்திருக்கின்றாள் என்று அவள் தந்தையார் வாயிலாக அறிந்தோம். விடைகள் மாசி பங்குனியில் வரும். நம் சங்கத்திற்கு அவள் விண்ணப்பிக்கவில்லை. தீர்மானம் நிறைவேறுமாயின், புதுப் படிவத்தை அவள் வீட்டிற்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை எம்மிடமே விடுமாறு குழுவினரைக் கேட்டுக்கொள்கின்றோம். முன்னைய கடிதத்தை எழுதியவர் யாமே ஆதலின், அவள் கேட்பதை நின்று கேட்டு வரவேண்டியவரும் யாமே. படிவத்தின் மாதிரி செயலாளரிடம் உள்ளது. பார்க்க விரும்புவோர் வாக்கெடுப்பிற்கு முன் பெற்றுப் பார்க்கலாம்.